திருகோணமலை 1800–2000: சுவர்ப்பலகைக்கு எந்த ஆண்டுகளை எடுப்பது?

வாசிகசாலை எழுதியது:

வணக்கம். எங்கள் வாசிகசாலை மண்டபத்தில் திருகோணமலையின் இரு நூற்றாண்டு மாற்றத்தைப் பத்துப் பலகைகளில் காட்டப்போகிறோம். ஒவ்வொன்றும் 4 அடிக்கு 3 அடி. ஒரு பலகையில் 120 சொல்லுக்கு மேல் போனால் யாரும் நின்று வாசிக்கமாட்டார்கள். இப்போது கையிலுள்ள வரிசை: 1815 கண்டி வீழ்ச்சி, 1833 கோல்புறூக் சீர்திருத்தம், 1931 சர்வசன வாக்குரிமை, இரண்டாம் உலகப் போரில் கட்டப்பட்ட எண்ணெய்த் தாங்கிகள், 1948 சுதந்திரம், 1956 தனிச் சிங்களச் சட்டம், 1972 குடியரசு யாப்பு, 1987 இந்திய–இலங்கை உடன்படிக்கை.

கேட்க விரும்புவது இதுதான். இந்த வரிசை எங்கள் ஊருக்குப் பொருந்துமா? இவ்வளவு நல்ல துறைமுகம் இருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஊர் ஏன் சிறிதாகவே கிடந்தது? அதோடு, குடிசன மதிப்புத் தொகைகளை வைத்து வரைபடம் கீறினால் 1921க்கும் 1946க்கும் இடையில் கோடு செங்குத்தாக ஏறுகிறது. தொகை பிழையா, இல்லை அப்படித்தானா?

சீனக்குடா எழுதியது:

தம்பி, இது பாடப்புத்தக வரிசை. முதலில் 1815ஐத் தூக்குங்கள். கண்டி விழுந்தபோது திருகோணமலை பிரித்தானியர் கையில் இருபது வருடமாக இருந்துவிட்டது. ஒல்லாந்தரிடமிருந்து கோட்டை கைமாறியது 1795 ஆகஸ்டில். ஊரின் தலையெழுத்தை எழுதியது அதுதான், ஏனெனில் அன்றிலிருந்து 1957 வரை இந்த ஊருக்கு எசமான் கொழும்பு அல்ல, லண்டனில் இருந்த கடற்படைத் தலைமையகம்.

பாய்மரக் கப்பல் காலத்தில் வடகீழ்ப் பருவக்காற்று எழும்பினால் சோழமண்டலக் கரையில் ஒதுங்க இடம் கிடையாது. சென்னை அப்போது திறந்த கடல். அங்கு நிற்கும் படைக்கப்பல்கள் ஒக்டோபரில் நங்கூரம் தூக்கிக்கொண்டு பம்பாய் வரை ஓட வேண்டும். வங்காள விரிகுடாப் பக்கத்தில் எந்தக் காற்றிலும் பெரிய கப்பல் பாதுகாப்பாக நிற்கக்கூடிய இடம் எங்கள் உட்துறைமுகம். அதனால்தான் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் 1782இல் இதைப் பிடித்தார், அதனால்தான் பிரித்தானியர் 1802 ஆமியான் உடன்படிக்கையில் இதை விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள். போர்க்கப்பலுக்கு வேண்டியது ஒதுக்கு, குடிநீர், மரம், மேட்டில் பீரங்கி. நாலும் இங்கே இருந்தன.

வணிகத் துறைமுகத்துக்கு வேண்டியது வேறு. பின்னால் சரக்கு வேண்டும். எங்களுக்குப் பின்னால் இருந்தது காடு, உடைந்த குளம், காய்ச்சல். தம்பலகாமத்திலும் கொட்டியாரத்திலும் நெல் விளைந்தது, ஆனால் அது கப்பலேறும் அளவு அல்ல. 1830களுக்குப் பிறகு மலைநாட்டில் கோப்பி வந்தது. அது மாட்டுவண்டியில் கொழும்புக்கு இறங்கியது. 1867இல் கண்டிக்கு ரயில் போனதும் வழி உறுதியாகிவிட்டது. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது, கப்பல்கள் தென்கரையைச் சுற்றியே போயின. 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்து 1885இல் முடித்தார்கள். இயற்கை கொழும்புக்குக் கொடுக்காததை கல்லும் சீமெந்தும் கொடுத்தன. அதுவரை முன்னணியில் நின்ற காலித் துறைமுகமே அதோடு படுத்துவிட்டது என்றால், எங்களைக் கேட்பானேன்.

இன்னொன்று: உட்துறைமுகக் கரையில் நல்ல ஆழமுள்ள இடம் பெரும்பாலும் கடற்படையின் கையில். தனியார் ஒருவர் இறங்குதுறை போட வந்தாலும் இடம் கிடைக்காது. ஊர் பிழைத்தது கப்பலுக்கு இறைச்சி, விறகு, மரக்கறி கொடுத்தும், துணி வெளுத்தும், டொக்யார்டில் (கடற்படையின் கப்பல் திருத்தும் தளத்தில்) கூலி செய்தும்தான். கூலி லண்டனின் கட்டளையில் வரும், லண்டனின் கட்டளையில் போகும். 1905 அளவில் கடற்படைத் தலைவர் ஃபிஷர் செலவைக் குறைத்து கப்பல்களை இங்கிலாந்துப் பக்கம் குவித்தபோது எங்கள் டொக்யார்டையும் மூடினார்கள். உங்கள் வரிசையில் அந்த வருடம் இல்லவே இல்லை. ஒரு பலகை அதற்கு.

எண்ணெய்த் தாங்கிகள் போரில் கட்டப்பட்டவை அல்ல. நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிய கடற்படைக்காக 1920களிலும் 30களிலும் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். 1927இல் ரயில் வந்ததையும் அதே பலகையில் சேர்க்கலாம். மாகோவில் பிரிந்து கல்லோயா, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக வரும் பாதை. ரயில் வந்த பிறகும் தேயிலை இந்தப் பக்கம் திரும்பவில்லை என்பதை ஒரு வரியில் போடுங்கள். அறுபது வருடம் பிந்தி வந்த ரயில் அது.

1942 ஏப்ரல் 9 யப்பானியக் குண்டுவீச்சு எல்லோருக்கும் தெரியும். அதே நாளில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தார்கள். ஆனால் பொருளாதாரத்துக்கு முக்கியமானது குண்டு அல்ல, அதற்குப் பிந்திய மூன்று வருடம். சிங்கப்பூர் 1942 பெப்ரவரியில் விழுந்ததால் கிழக்குக் கடற்படைக்குப் பெரிய தளம் இல்லாமல் போய், வேலைத்தளம், களஞ்சியம், விமானத்தளம், வீதி எல்லாம் இங்கே குவிந்தன. நாடு முழுவதிலுமிருந்து கூலியாட்கள் வந்தார்கள்.

அதிலும் ஒரு குறை இருந்தது: பெரிய போர்க்கப்பலைத் தண்ணீருக்கு வெளியே எடுக்கும் கற்றுறை இங்கு கிடையாது. அதற்கு மாற்றாக மிதக்கும் துறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 1944 ஆகஸ்ட் 8ஆம் திகதி வேலியன்ட் என்ற போர்க்கப்பலை அதில் தூக்கும்போது, நிலைநிறுத்தும் தொட்டிகளிலிருந்து தண்ணீரை ஒழுங்காகச் சமன்பார்த்து இறைக்காததால் பாரம் ஏறுமாறாகி, துறை முறிந்து மூழ்கியது. கப்பலும் கெட்டது. போர் முடிந்தபின் பெரிய கப்பல் திருத்தும் தொழில் இங்கு வேர்விடாததற்கு இந்த அடிப்படை இல்லாமையும் ஒரு காரணம்.

கடைசியாக 1957 ஒக்டோபர் 15. பண்டாரநாயக்க அரசு கடற்படைத்தளத்தைப் பொறுப்பேற்ற நாள். கொழும்பில் அது கொடியேற்ற விழா. இங்கு ஆயிரக்கணக்கான வீடுகளில் சம்பளம் நின்ற நாள். என்னைக் கேட்டால் 1948ஐ விட இதற்குத்தான் பெரிய எழுத்து.

பழைய_கச்சேரி எழுதியது:

தொகை பிழை இல்லை, ஆனால் நீங்கள் கோடு கீறும் முறை பிழையாகலாம். முதலில் தொகைகள், மாவட்டம் முழுவதற்கும், கிட்டத்தட்ட:

1881: 22,200
1901: 28,400
1921: 34,100
1946: 75,900
1953: 83,900
1963: 138,500
1981: 255,900

வரைபடத்தில் கிடைக்கோட்டை ஆண்டுக்கு ஏற்ற இடைவெளியில் வையுங்கள். குடிசன மதிப்பு ஒன்றுக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் 25 வருடமும் 7 வருடமும் ஒரே அகலமாகி, ஏற்றம் எல்லாம் பொய்த்தோற்றம் காட்டும். 1931ஐத் தேடாதீர்கள். பொருளாதார மந்தத்தால் அந்த வருடம் முழு விபரம் எடுக்கப்படவில்லை. 1941இல் போரால் எடுக்கவே இல்லை. அதனால்தான் உங்களுக்கு 1921க்கும் 1946க்கும் இடையில் வெறும் கோடு.

1881க்கு முந்தியதை இதே கோட்டில் ஒட்டக்கூடாது. 1827இல் அச்சான கணக்கு தலைமைக்காரர்கள் கொடுத்த பட்டியல்களைத் தொகுத்தது, ஒரே நாளில் தலை எண்ணியது அல்ல. அதோடு எல்லை மாறியிருக்கிறது. 1833இல் உருவான கிழக்கு மாகாணத்தில் தமன்கடுவையும் (இன்றைய பொலன்னறுவைப் பக்கம்) சேர்ந்திருந்தது. 1873இல் வடமத்திய மாகாணம் பிரிந்தபோது அது அங்கே போனது. மாகாணத் தொகையை ஒப்பிடுகிறவர்கள் இதில் தவறாமல் வழுக்கி விழுகிறார்கள். மாவட்டத்துக்குள் பாருங்கள் என்றால் பழைய தலைப்புகள் நாலு: திருகோணமலைப் பட்டினமும் சூழலும், தம்பலகாமப்பற்று, கட்டுக்குளம்பற்று, கொட்டியாரப்பற்று. இப்போதைய பிரதேச செயலகப் பிரிவுகள் இவற்றை உடைத்து உருவானவை, நேருக்கு நேர் பொருத்த வராது.

இனவாரியாகக் காட்டப்போகிறீர்கள் என்றால் இன்னும் கவனம். 1911இலிருந்துதான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தனித்தனி நிரல். அதற்கு முன்னோடு ஒப்பிட இரண்டையும் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டினால் தமிழர் 1921இல் 18,600, 1946இல் 33,800, 1981இல் 93,100. முஸ்லிம்கள் 12,800, 23,200, 75,000. சிங்களவர் 1,500, 15,700, 85,500. வீதத்தை மட்டும் போட்டு எண்ணிக்கையை மறைக்காதீர்கள், எண்ணிக்கையை மட்டும் போட்டு வீதத்தை மறைக்காதீர்கள். தமிழர் தொகை ஐந்து மடங்கானதும் அவர்கள் பங்கு 54இலிருந்து 36 வீதத்துக்கு இறங்கியதும் ஒரே காலத்தில் நடந்தவை.

இப்போது உங்கள் செங்குத்து ஏற்றம். 1946 மதிப்பு எடுக்கப்பட்டது மார்ச் மாதம். போர் முடிந்து ஏழு மாதம். கடற்படை வேலைக்கு வந்த கூட்டம் முழுதாகக் கலையவில்லை. அடுத்த 1953ஐப் பாருங்கள்: சிங்களவர் தொகை 15,300, அதாவது ஏழு வருடத்தில் கூடவே இல்லை. வந்தவர்களில் ஒரு பகுதியினர் திரும்பிவிட்டார்கள் என்றே இதை வாசிக்கலாம். ஆனால் 1963இல் அது 39,900. பத்து வருடத்தில் இரண்டரை மடங்கு. ஆக 1921–46 ஏற்றமும் 1953–63 ஏற்றமும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் காரணம் வேறு. முதலாவது துறைமுகக் கூலி, இரண்டாவது குளத்துக்குக் கீழ் அரசு காணி கொடுத்த குடியேற்றம். வரைபடத்தில் இரண்டு நிறம் கொடுங்கள்.

கட்டுக்குளம்பற்றின் உட்காட்டுப் பக்கத்தில் பழைய சிங்களக் கிராமங்கள் இருந்தன என்பதையும் ஒரு வரி போடுங்கள். 1921இன் 1,500 பேரும் வானத்திலிருந்து விழுந்தவர்கள் அல்ல.

கடைமடை எழுதியது:

கச்சேரி ஐயா சொன்ன இரண்டாவது நிறத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லுறன்.

கந்தளாய்க் குளத்தைப் பிரித்தானியர் 1870களிலேயே திருத்திப்போட்டினம். தண்ணி நிண்டது, ஆள் வரேல்லை. மலேரியாக் காட்டுக்குள்ள காசு குடுத்துக் காணி வாங்க ஆருக்கு மனம் வரும்? அணைக்கட்டு இருந்தாப் போதும், சனம் தானா வந்து விதைக்கும் எண்ட கணக்கு பிழைச்ச இடம் இது. கணக்கை மாத்தினது இரண்டு சாமான்: 1935 காணி அபிவிருத்திச் சட்டம், 1946இல தொடங்கின, மலேரியா நுளம்புக்கான டி.டி.டி. மருந்தடி. முதலாவது, முடிக்குரிய காணியை விக்காமல் பேர்மிட்டில குடுக்க வழி செய்தது. இரண்டாவது, ஆளை அங்க உயிரோட இருக்க விட்டது. மருந்தடியைக் குடியேற்றப் பலகையில போடாமல் விட்டா, ஏன் 1870இல நடக்காதது 1950இல நடந்தது எண்டு ஒருத்தருக்கும் விளங்காது.

முதல்ல வந்த திட்டங்களில குடும்பத்துக்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் எண்டது பொதுவான அளவு. 1950களில அது 3க்கு 2 எண்டு சுருங்கிச்சு. பேர்மிட் காணியை விக்க ஏலாது, அனுமதியில்லாமல் ஈடு வைக்க ஏலாது, துண்டாடவும் ஏலாது. பின்னுரித்தாளர் எண்டு ஒருத்தரை எழுதி வைக்கவேணும். எழுதாட்டிச் சட்டத்தின்ர அட்டவணைப்படி போகும், அந்த அட்டவணையில ஆண்பிள்ளை முன்னுக்கு, பொம்பிளைப்பிள்ளை பின்னுக்கு. 2022 வரைக்கும் அப்பிடித்தான் கிடந்தது. நாலு பிள்ளையில ஒண்டுக்குக் காணி, மற்ற மூண்டும் வெளியில. அதால களவாய்க் குத்தகை, வாய்ப்பேச்சு ஈடு, காட்டுக்கரையை வெட்டிப் புதுசாய்க் குடியிருக்கிறது எல்லாம் வந்தது. சட்டம் சிதறாமல் காப்பாத்த நினைச்சது காணியை, சிதறினது குடும்பம்.

தம்பலகாமத்துப் பழைய வயலுக்கு இதால வந்த மாற்றம் தண்ணியில. முந்திக் கந்தளாய்த் தண்ணிக்கு நாங்கள்தான் பெரிய உரித்தாளர். மேல குடியேற்ற வயல் வந்தது, 1960இல சீனித் தொழிற்சாலை வந்தது, கரும்புக்கும் தண்ணி. வாய்க்காலின்ர கடைசியில இருக்கிறவனுக்குப் பெரும்போகம் பிரச்சினையில்லை, சிறுபோகத்திலதான் இடி. குளத்து மட்டத்தைப் பார்த்து இத்தனை ஏக்கர் மட்டும் எண்டு கூட்டத்தில தீர்மானிப்பினம். அந்தக் கூட்டத்தில ஆற்ற குரல் கேக்குது எண்டதுதான் அரசியல்.

1958 நெற்காணிச் சட்டத்தையும் விடாதேங்கோ. வயலையும் தண்ணியையும் பாக்கிற வட்டவிதானையை எடுத்துப்போட்டுப் பயிர்ச்செய்கைக் குழுவைக் கொண்டுவந்தது. குத்தகைக்காரன் குடுக்கவேண்டியது விளைச்சலில கால்வாசி அல்லது ஏக்கருக்கு 12 புசல், எது குறைவோ அது எண்டு வரம்பு போட்டது. நல்ல சட்டம். ஆனால் அமுலுக்கு வர முந்தியே காணிக்காரர் பலர் குத்தகைக்காரரை எழுப்பிப்போட்டு "நான் சொந்தமாய்ச் செய்யிறன்" எண்டிட்டினம். வாய்ப்பேச்சில நடந்த குத்தகைக்கு ஆர் சாட்சி?

1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய் அணை உடைஞ்சது. நூற்றுக்கு மேல சனம் செத்தது. குடியேற்றப் பலகையின்ர அடியில அதுக்கு ஒரு இடம் வேணும்.

வாசிகசாலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 1815 போய்விட்டது. 1905, 1957, 1953–63 மூன்றும் உள்ளே. அப்படியானால் 1931, 1948, 1956 மூன்றையும் ஒரே பலகையில் 'அரசியல்' என்று அடக்கிவிடலாமா? தாங்கிகளின் எண்ணிக்கையும் ஒருவர் 99 என்கிறார், ஒருவர் 101 என்கிறார்.

உவர்மலை எழுதியது:

அடக்கலாம், ஆனால் மூன்றும் ஒரே கதை அல்ல.

1931இல் 21 வயதான ஆண், பெண் எல்லோருக்கும் வாக்கு. யாழ்ப்பாணத்தில் நாலு தொகுதிகள் தேர்தலைப் பகிஷ்கரித்தன. கிழக்கு பகிஷ்கரிக்கவில்லை. 'தமிழர் பகிஷ்கரித்தனர்' என்று மொட்டையாக எழுதினால் எங்கள் மாவட்டத்துக்கு அது பிழை. அப்போது திருகோணமலையும் மட்டக்களப்பும் சேர்ந்த தொகுதி ஒன்று இருந்தது. 1944இல் சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணை வந்தபோது தமிழையும் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்த வ. நல்லையா அந்தத் தொகுதியின் உறுப்பினர்.

1948இல் கொடியைவிடக் குடியுரிமைச் சட்டத்தை எழுதுங்கள். அதோடு 1949 தேர்தல் திருத்தமும் சேர்ந்து இந்திய வம்சாவளித் தொழிலாளரின் வாக்கை எடுத்தது. இதை மலைநாட்டுக் கதை என்றே எல்லோரும் சொல்கிறார்கள். துறைமுகத்திலும் நகரசுத்தி வேலையிலும் இருந்தவர்களையும் அது தொட்டது.

1952தான் எங்கள் மாவட்டத்தின் தனித்த அரசியல் ஆண்டு. தமிழரசுக் கட்சி தன் முதல் பொதுத் தேர்தலில் வென்றது இரண்டே தொகுதிகள்: கோப்பாயும் திருகோணமலையும். கட்சித் தலைவர் செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்ற தேர்தல் அது. இங்கு வென்றவர் என். ஆர். இராஜவரோதயம். காணிக் குடியேற்றம் யாழ்ப்பாணத்தில் மேடைப்பேச்சு, இங்கு வாசற்படியில் நின்ற விடயம் என்பதால் கட்சிக்கு இங்கு முதலே வேர் பிடித்தது என்பது என் கணிப்பு. 1956 ஆகஸ்ட் மாநாட்டை அவர்கள் திருகோணமலையில் கூட்டியதும் தற்செயல் அல்ல.

இதையும் 1957 பலகையோடு கட்டுங்கள்: டொக்யார்டில் வேலை இழந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைப் பதவியா என்ற குளக் குடியேற்றத்தில் குடியேற்ற ஒரு திட்டம் இருந்தது. எதிர்ப்பு எழுந்து அது நின்றுபோனது, தமிழருக்கு எதிரான 1958 கலவரத்துக்கு முந்திய கொதிப்பில் அதுவும் ஒன்று. துறைமுகமும் காணியும் ஒரே புள்ளியில் முட்டிய இடம் அது.

1972ஐ விடலாம். அதற்குப் பதில் 1977: சேருவில என்ற புதுத் தொகுதி சேர்ந்து மாவட்டத்தில் முதன்முறையாக மூன்று தொகுதிகளில் தேர்தல் நடந்த ஆண்டு.

சீனக்குடா எழுதியது:

தாங்கி: முதலில் 101. 1942 குண்டுவீச்சில் ஒன்று போனது, 91ஆம் இலக்கம். பின்னர் ஒரு விமான விபத்தில் இன்னொன்று. மிச்சம் 99: மேல்தொகுதியில் 84, கீழ்த்தொகுதியில் 15. இரண்டு எண்ணும் சரி, காலத்தைச் சேர்த்து எழுதினால். 1987 பலகையில் இந்திய–இலங்கை உடன்படிக்கையின் இணைப்புக் கடிதங்களில் துறைமுகமும் இந்தத் தாங்கிகளும் பேர் சொல்லி வருவதைப் போடுங்கள்.

அதன் முன்னால் பிறீமா மா ஆலைக்கும் தோக்கியோ சீமெந்துக்கும் ஒரு வரி. இரண்டும் 1980களின் முற்பகுதியில் இயங்கத் தொடங்கியவை. கோதுமை கப்பலில் வருகிறது, மா லொறியிலும் ரயிலிலும் போகிறது. ஆழமான கரை கடைசியில் வணிகத்துக்குப் பயன்பட்டது இப்படித்தான், ஊர்ச் சந்தையைத் தொடாமல்.

கங்கைத்துறை எழுதியது:

வாசிகசாலைத் தம்பி, எல்லோரும் துறைமுகத்தின் வடகரையில் நின்றுதான் பேசுகிறார்கள். கின்னியா, மூதூர், சம்பூர்ப் பக்கத்துக்கு இரண்டு நூற்றாண்டும் வேறு மாதிரிப் போனது. பட்டினத்திலிருந்து மட்டக்களப்பு வீதியில் போனால் கின்னியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று துறைக்குத் துறை பாதையில் (வாகனத்தோடு ஆற்றைக் கடக்கும் மிதவைப் படகில்) ஏற வேண்டும். மாரியில் மகாவலி பெருகினால் பாதை நிற்கும். மூதூருக்கு லோஞ்ச் (இயந்திரப் படகு), அதுவும் கடல் விட்டால்தான். நெல்லும் மீனும் விறகும் இருந்தும் விலையை அக்கரை வியாபாரிதான் தீர்மானித்தான், ஏனென்றால் திருப்பிக் கொண்டுபோக வழியில்லை. ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் (மாவட்ட அரச அலுவலகத்துக்கும்) அதே பாதைதான். சீனக்குடா அண்ணை சொன்ன "பின்னால் சரக்கு இல்லை" என்பதில் பாதி, சரக்கு இருந்தும் வரமுடியவில்லை என்பதே.

கின்னியாப் பாலம் திறந்தது 2009இல், மற்றவை 2011 அளவில். உங்கள் காலக்கோடு 2000இல் முடிவதால் பாலம் எதுவும் வராது. வரைபடப் பலகையில் ஐந்து துறைகளுக்கும் படகுக் குறி போடுங்கள். அப்போது பார்க்கிறவர்களுக்குத் தூரம் கிலோமீட்டரில் அல்ல, மணித்தியாலத்தில் தெரியும்.

பழைய_கச்சேரி எழுதியது:

கங்கைத்துறை நானா சொன்னது சரி, அந்தப் பலகை வேண்டும். அதோடு தொகை வரைபடத்தில் ஒரு திருத்தம்: 1981இல் கோட்டை நிறுத்துங்கள். 2001 மதிப்பு வடக்கிலும் கிழக்கிலும் முழுமையாக எடுக்கப்படவில்லை, அந்த எண்ணை எடுத்தால் பிழைதான் வரும். அடுத்த முழுக்கணக்கு 2012. அதையும் காட்ட விரும்பினால் தனிப் புள்ளியாக வைத்து, இடையில் புள்ளிக்கோடு போட்டு, போரும் இடம்பெயர்வும் நடந்த முப்பது வருடத்தில் எண்ணவில்லை என்று கீழே எழுதுங்கள். இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால், இடையில் சனம் ஒழுங்காகக் கூடிக்கொண்டே வந்தது போலத் தெரியும்.